மலைப் பிள்ளைகளும் பேஸ்பாலும்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் "பேஸ்பால் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று எழுதியது என் தப்புதான். அறுபதுக்கு மேல் கேள்விகள் வந்திருக்கின்றன, அதில் கால்வாசி ஒரே கேள்வி. குன்னூர்ப் பக்கம் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிப் பிள்ளைகளுக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அம்பயராகவும் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான் தகுதி. டாக்டர் இல்லை. கிரிக்கெட் பெரிதா பேஸ்பால் பெரிதா என்ற பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

கோத்தகிரி அம்மா ஒருவர்: மகனுக்கு 11 வயது. நன்றாக வீசுகிறான், ஆனால் வகுப்பிலேயே குள்ளம். அமெரிக்காவில் சிறுவர்களுக்கு நடக்கும் லிட்டில் லீக் பேஸ்பால் உலகத் தொடருக்கு அவனை அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

அனுப்ப முடியாதும்மா. தனிப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் போட்டியே இல்லை அது. ஓர் ஊரில் முறையாகப் பதிவு செய்த லீக் இருக்க வேண்டும், அதன் எல்லைக்குள் வசிக்கிற அல்லது படிக்கிற பிள்ளைகளிலிருந்து ஓர் அணி கிளம்ப வேண்டும், அந்த அணி நாட்டளவிலும் பிராந்திய அளவிலும் ஜெயித்து மேலே வர வேண்டும். கடைசியில் ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் வில்லியம்ஸ்போர்ட் பக்கம் 20 அணிகள் சேரும். யாராவது "இவ்வளவு கட்டுங்கள், உங்கள் பையனை உலகத் தொடரில் இறக்குகிறேன்" என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குள்ளம் என்று கவலைப்பட்டீர்களே, அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1957இல் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரத்திலிருந்து இதே தொடருக்கு ஓர் அணி வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், எல்லைப் பாலத்தை நடந்தே கடந்து டெக்சாசுக்குள் நுழைந்தவர்கள். சராசரி உயரம் 4 அடி 11 அங்குலம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்ற கலிபோர்னியாவின் லா மேசா அணியின் சராசரி 5 அடி 4 அங்குலம். ஏஞ்சல் மாசியாஸ் என்ற பையன் பந்து வீசினான். இரண்டு கையாலும் வீசத் தெரிந்தவன், அன்று வலது கையால் வீசினான். ஆறு இன்னிங்ஸ், 18 பேட்டர்கள், ஒருவர்கூட பேஸுக்கு, அதாவது அடித்தவன் ஓடித் தொட வேண்டிய இடத்துக்கு, போகவில்லை. 11 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாமலே அவுட்), 4-0 வெற்றி. அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து வந்து கோப்பையை எடுத்த முதல் அணி அதுதான். இறுதி ஆட்டத்தில் அப்படி ஒரு பெர்ஃபெக்ட் கேம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உங்கள் மகன் உயரத்தை விட்டுவிட்டு குறியைப் பார்க்கட்டும்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: இங்கே அடித்தால் பந்து கூடத் தூரம் போகும் என்கிறார்கள். நிஜமா சார்?

இப்படிக் கேட்டால்தான் எழுதவே ஆசை வருகிறது. நிஜம் தம்பி. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 2023 ஏப்ரலில் அங்கே அமெரிக்கத் தொழில்முறை அணிகளான சான் டியாகோவும் சான் பிரான்சிஸ்கோவும் ஆடிய ஆட்டம் 16-11 என்று முடிந்தது. ஒரே ஆட்டத்தில் 11 ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி! நம் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதனால் பறக்கும் பந்தைப் பிடித்து இழுக்கிற ஆள் பலம் குறைந்தவன் ஆகிவிடுகிறான். அதே காரணத்தால் கர்வ் பாலும் அவ்வளவாக வளையாது. பந்து சுழன்று காற்றைத் தள்ளித்தானே வளைகிறது, தள்ளுவதற்குக் காற்று கம்மி.

ஆனால் இதில் ஒரு சிக்கல், அதை நம்மூர்க்காரன்தான் சொல்ல முடியும். அமெரிக்காவின் டென்வர் நகரம் நம்மைவிடத் தாழ்வு, 1,600 மீட்டர்தான், ஆனால் வறண்ட ஊர். பந்து காய்ந்து துள்ளுகிறது என்று 2002இலிருந்து பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்த அறையே தேவையில்லை, ஜூலை மாசத்து ஊட்டியே அந்த அறைதான்! மூடுபனியில் அரை மணி நேரம் கிடந்த தோல் பந்து கனத்து, மெத்தென்று ஆகி, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் "தொப்" என்று விழும். பிப்ரவரி வெயிலில் அதே பையன் அதே அடி அடித்தால் பந்து யூகலிப்டஸ் மரத்துக்குள் போய்விடும். இதில் அடிவாங்குவது கோயம்புத்தூருக்கு இறங்கிப் போய் ஆடுகிற பிள்ளைகள். இங்கே நேராகப் போன பந்து அங்கே வளையும், தலைக்கு மேல் போகும் என்று பின்னால் ஓடுகிற அவுட்ஃபீல்டர் முன்னால் பந்து வந்து விழும். ஆட்டத்துக்கு ஒரு நாள் முன்பே இறங்கி, ஒரு மணி நேரமாவது கேட்ச் பிடித்துப் பழகுங்கள். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு நேரே மைதானத்துக்குப் போனால் முதல் இரண்டு இன்னிங்ஸ் அவ்வளவுதான்.

குன்னூர் வெலிங்டன்: பையனுக்கு 12 வயது. தினமும் 150 பந்து வீசுகிறான். முழங்கை உள்பக்கம் லேசாக வலிக்கிறதாம், ஸ்பிரே அடித்துச் சமாளிக்கிறோம். கர்வ் பால் எப்போது கற்றுக் கொடுக்கலாம்?

முதலில் ஸ்பிரேயைக் குப்பையில் போடுங்கள்.

லிட்டில் லீகில் 11, 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் உச்சவரம்பு 85 பிட்ச், அதாவது பேட்டருக்கு வீசும் 85 பந்து. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு கட்டாயம், 51 முதல் 65 வரை என்றால் மூன்று நாள், 36 முதல் 50 வரை இரண்டு நாள், 21 முதல் 35 வரை ஒரு நாள். 41 பிட்சோ அதற்கு மேலோ வீசியவன் அன்றைக்கு பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்கிற கேட்சராகக்கூட உட்காரக் கூடாது. சும்மா எழுதி வைத்த விதி இல்லை இது. அந்த வயதில் முழங்கையின் உள்பக்கம் எலும்பு வளரும் இடம் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், ஒவ்வொரு வீச்சும் தசைநாரோடு சேர்த்து அதைப் பிடித்து இழுக்கும். வலி என்பது அந்த இடம் போடுகிற கூச்சல். இன்றே நிறுத்துங்கள், எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், அவர் சரி என்ற பிறகு பந்தைக் கொடுங்கள். கர்வ் பால் பேச்சையே இப்போது எடுக்காதீர்கள். காலையில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டுவிட்டு மாலையில் இங்கே வந்து பிட்ச் பண்ணுகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இரண்டுக்கும் கை ஒன்றுதான்.

கூடலூர்: உலகத் தொடருக்கு மகனை அனுப்ப…

கோத்தகிரி அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கொடைக்கானல்: எங்கள் பள்ளி மைதானம் சின்னது. பேஸ்பால் ஆட முடியுமா?

பெரியவர்கள் ஆட்டத்துக்கு பேஸ் இடைவெளி 90 அடி, அதற்கு உங்கள் மைதானம் போதாது. 12 வயதுக்கு உட்பட்டோருக்கு 60 அடிதான், பந்து வீசுகிற பிட்சருக்கும் பேட்டர் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 46 அடி. வில்லியம்ஸ்போர்ட் லமாட் மைதானத்திலேயே வேலி 225 அடியில் வந்துவிடும். மலையில் அடித்துச் சமன் செய்த மைதானங்களுக்கென்றே அளந்தது மாதிரி இருக்கும். எங்கள் பக்கம் ரைட் ஃபீல்டில் தேயிலைச் சரிவு, பந்து உள்ளே போனால் அடித்தவனுக்கு இரண்டு பேஸ் என்று விதி வைத்துக்கொண்டோம். காட்டெருமை வந்து நின்றால் ஆட்டம் நிற்கும், அதற்கு அம்பயர் கையெல்லாம் தூக்க வேண்டியதில்லை.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அப்பா ஒருவர்: மகனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கவில்லை. எஸ்டேட் லயன் வரிசை வீட்டில் பிறந்தவன். பள்ளியில் ஜூன் 1 என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். "வயசை ஒன்று குறைத்து வாங்கிவிடலாம், அப்போதுதான் சின்ன வயசுப் பிரிவில் ஆடலாம்" என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் குந்தா பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், எனக்கு மூத்தவர், உடனே எழுதிவிட்டார்: "சார், நீங்கள் ஊருக்கு உபதேசம் பண்ணாதீர்கள். எல்லா மாநிலமும் பண்ணுகிறது. தைவான் காட்டாத வழியா? ஏழைப் பிள்ளை ஒரு வருஷம் கூட ஆடினால் யார் குடி முழுகிவிடும்?"

ஐயா, தைவானை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன். 1968இல் தைவானின் தைதுங் மலைப்பகுதியில் ஹாங்யே என்ற பழங்குடி கிராமத்துப் பள்ளி அணி, மூங்கில் கழியை மட்டையாகவும் கல்லைப் பந்தாகவும் வைத்துப் பழகிய பிள்ளைகள், ஜப்பானிலிருந்து வந்த அணியை 7-0 என்று அடித்தார்கள். நாடே தூக்கிக் கொண்டாடியது, அங்கே சிறுவர் பேஸ்பால் அலை எழுந்ததே அதனால்தான். நம் மலைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நானும் நூறு முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த அணியில் வயது மீறிய பிள்ளைகள் வேறு பிள்ளைகளின் பெயரில் ஆடியது பிறகு வெளியே வந்து வழக்காகிவிட்டது. அந்தப் பாதியைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

1992 லிட்டில் லீக் உலகத் தொடரில் பிலிப்பைன்சின் சாம்போவாங்கா அணி இறுதி ஆட்டத்தில் 15-4 என்று ஜெயித்தது. வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்தது தெரிந்ததும் கோப்பை தோற்ற அணியான கலிபோர்னியாவின் லாங் பீச்சுக்குப் போனது, ஏட்டில் 6-0 என்று எழுதினார்கள். 2001இல் நியூயார்க் பிராங்க்ஸ் அணிக்கு பெர்ஃபெக்ட் கேம் வீசிய பையனுக்கு 12 இல்லை, 14 என்று தெரிந்தது. காகிதத்தை மாற்றியது பெரியவர்கள். பத்திரிகையில் படம் வந்தது அந்தப் பையனுடையது. யார் குடி முழுகும் என்று கேட்டீர்களே ஐயா, முழுகியது அவனுடையது. இன்னொன்று, 14 வயதுக் கையின் வேகத்தை எதிரே நின்று வாங்குகிறவன் 11 வயதுப் பிள்ளை.

குந்தா ஐயா விடவில்லை: "அப்போ காகிதம் இல்லாத ஏழை ஆடவே கூடாது, அதானே?"

இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2011இல் உகாண்டா அணி மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கப் பகுதியில் ஜெயித்து வந்தது. பிறந்த தேதி ஆவணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. அவர்களோடு ஆட வேண்டிய கனடாப் பிள்ளைகள் பிறகு உகாண்டாவுக்கே போய் ஆடிவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டு உகாண்டாவின் வேறோர் அணி ஒழுங்கான காகிதத்தோடு வந்தது, வில்லியம்ஸ்போர்ட்டில் ஆடிய முதல் ஆப்பிரிக்க அணி. ஒரேகான் அணியை 3-2 என்று வென்றும் காட்டியது. காகிதம் தப்பாக இருப்பது வேறு, காகிதத்தைத் தப்பாக்குவது வேறு. எனக்கே பள்ளிக் கணக்கில் ஜூன் மாதம், அம்மா கணக்கில் தீபாவளி மழை. ஐந்து வயது நிரம்பினால்தான் சேர்ப்பேன் என்றார்கள், அப்பா நிரப்பிவிட்டார். ஆகவே எஸ்டேட் அப்பா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, எஸ்டேட் பதிவு எது கிடைக்கிறதோ தேடுங்கள். ஓராண்டு தாண்டிய பதிவு என்பதால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை அலைய வேண்டியிருக்கும். அலைந்து உண்மைத் தேதியை எழுதி வாங்குங்கள்.

இதற்குப் பிறகும் குந்தா ஐயாவிடமிருந்து நான்கு கடிதங்கள். அவருக்கு நேரில் வந்து டீ வாங்கிக் கொடுக்கிறேன்.

அருவங்காடு: பெண் பிள்ளைகள் ஆடலாமா?

1974இலிருந்தே லிட்டில் லீகில் உண்டு. 2014இல் மோனே டேவிஸ் வில்லியம்ஸ்போர்ட்டில் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வீசி ஜெயித்தார். உங்கள் மகளை நாளைக்கே கிளவ்வோடு அனுப்புங்கள்.

பாதி அணிகள் அமெரிக்கா, இதற்குப் பெயர் உலகத் தொடரா?

20இல் 10 அமெரிக்கா, உண்மை. ஆனால் 2025 கோப்பையை தைவான் நெவாடாவை 7-0 என்று அடித்துத் தூக்கிக்கொண்டு போனது. நாட்டு அணிகள் மோதுவதைப் பார்க்க வேண்டுமானால் 12, 15, 18 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைகள் தனியாக இருக்கின்றன.

இந்தியர் யாராவது அமெரிக்காவில் ஆடியிருக்கிறார்களா?

ரிங்கு சிங், தினேஷ் பட்டேல். ஈட்டி எறிந்தவர்கள், 2008இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் ஒப்பந்தம் செய்தது, அடிமட்ட லீகுகளில் ஆடினார்கள்.

மஞ்சூர்: சார், மகனை உலகத் தொடருக்கு…

இது பதினேழாவது. மேலே. முதல் பதில். கை வலிக்கிறதா என்றும் அவனைக் கேளுங்கள்.

எஸ்டேட் அப்பா, மறுபடியும்: ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்தது சார். அவன் அம்மா அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தாள். லயனில் பிறந்த மறுநாள் தூக்கிப் போனபோது கொடுத்ததாம். பிறந்த தேதி செப்டம்பர் 3 என்று இருக்கிறது, வருஷம் பள்ளியில் எழுதியதேதான்.

அண்ணா, ஒரு நிமிஷம் கணக்குப் பாருங்கள். லிட்டில் லீகில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று எத்தனை வயதோ அதுதான் வயது. ஜூன் 1 என்றால் 12 முடிந்து 13க்குப் போய்விடுகிற ஆண்டில், செப்டம்பர் 3 என்றால் அவன் இன்னும் 12. திருட்டுத்தனமாகக் கேட்ட அந்த ஒரு வருஷம் சீட்டிலேயே இருந்திருக்கிறது. மூன்று நகல் எடுத்து வையுங்கள், மழையில் நனையாமல்.