பேக்கப் இருக்கிறது, செட்டிங்ஸைக் காணோம்!

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு 11-க்கு மாறியவர்கள், கம்ப்யூட்டரை ரீசெட் செய்தவர்கள், மதர்போர்டு மாற்றியவர்கள் என்று பலரும் ஒரே கவலையோடு எழுதுகிறார்கள்: பேக்கப் மென்பொருளைத் திறந்தால் இன்றுதான் இன்ஸ்டால் செய்தது போல வெறிச்சென்று நிற்கிறது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை டுப்ளிகாட்டி என்ற பேக்கப் மென்பொருள் மூலம் தினமும் ராத்திரி வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப் எடுக்கிறேன். விண்டோஸ் 11-க்கு மாறிய மறுநாள் பார்த்தால் நான் போட்டிருந்த நான்கு ஜாபுகளையும் காணோம். மூன்று வருடப் படங்கள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை. முதலில் அந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பாருங்கள். டுப்ளிகாட்டி என்ற பெயரில் தொடங்கும் ஜிப் ஃபைல்கள் வரிசையாகக் கிடக்கும். நீங்கள் அளவை மாற்றியிருக்காவிட்டால் பெரும்பாலானவை 50 எம்பி அளவில் இருக்கும். படங்களெல்லாம் அவற்றுக்குள்தான் இருக்கின்றன. காணாமல் போயிருப்பது எதை, எங்கே, எப்போது எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த சீட்டு மட்டும்.

அந்தச் சீட்டு 'டுப்ளிகாட்டி-சர்வர்' என்ற சிறிய எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல். உங்கள் கணக்கில் சாதாரணமாக ஓடினால் அது உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், டுப்ளிகாட்டி என்ற இடத்தில் இருக்கும். யாரும் லாகின் செய்யாமலே ராத்திரி ஓட வேண்டும் என்று விண்டோஸ் சர்வீஸாகப் போட்டிருந்தால் அதன் இடமே வேறு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, கான்ஃபிக், சிஸ்டம்ப்ரொஃபைல், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், டுப்ளிகாட்டி. பெரிய அப்டேட் வரும்போது விண்டோஸ் தன் பழைய வீட்டை அப்படியே 'விண்டோஸ்.ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டுப் புது வீடு கட்டிக்கொள்ளும். உங்கள் சீட்டும் பழைய வீட்டோடு போய்விட்டது.

அந்த விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரைப் பொதுவாக 10 நாளில் விண்டோஸே அழித்துவிடும். டிஸ்க் க்ளீனப், கண்ட க்ளீனர் எதையும் இப்போது ஓட்ட வேண்டாம். டுப்ளிகாட்டி சர்வீஸை நிறுத்துங்கள். விண்டோஸ்.ஓல்டுக்குள் நான் சொன்ன அதே பாதையில் போய், டுப்ளிகாட்டி ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள். சர்வர் ஃபைலை மட்டும் எடுத்தால் போதாது. எழுத்தும் எண்ணுமாகக் கலைந்த பெயரில் இருக்கும் மற்ற ஃபைல்கள் ஒவ்வொரு ஜாபுக்குமான கணக்குப் புத்தகங்கள். நகலை சி டிரைவில் ப்ரோகிராம்டேட்டாவுக்குள் டுப்ளிகாட்டி என்ற ஃபோல்டரில் போட்டு, சர்வீஸை மறுபடி பதியும்போது 'சர்வர்-டேட்டாஃபோல்டர்' என்ற ஆப்ஷனில் அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த பெரிய அப்டேட் வந்தாலும் அங்கே கை வைக்காது.

பத்து நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் வழி உண்டு. அதே ஹார்ட் டிஸ்க் ஃபோல்டர், அதே பாஸ்பிரேஸ் (பேக்கப்பைப் பூட்ட நீங்கள் வைத்த ரகசியச் சொல்) கொடுத்துப் புது ஜாப் ஒன்று உருவாக்குங்கள். உடனே 'ரன்' அழுத்தினால், எனக்குத் தெரியாத ஃபைல்கள் இங்கே கிடக்கின்றன என்று சொல்லி நின்றுவிடும். பலர் இந்த இடத்தில்தான் பயந்துபோய் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜாபுக்குள் டேட்டாபேஸ் பகுதிக்குப் போய் 'ரீக்ரியேட்' கொடுங்கள். டிஸ்க்கில் இருப்பதைப் படித்துக் கணக்குப் புத்தகத்தைத் தானே எழுதிக்கொள்ளும். உங்கள் அளவுக்குப் படங்கள் இருந்தால் நேரம் பிடிக்கும், ராத்திரி ஓடவிடுங்கள். நாளைக் காலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆல்பம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ரீஸ்டோர் பக்கத்தில் பேக்கப் ஃபைல்களிலிருந்து நேரடியாக எடுக்கும் வழியும் இருக்கிறது. ஜாப் எதுவும் தேவையில்லை, பாஸ்பிரேஸ் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எங்கோ கிடந்த ஆறு மாதம் பழைய டேட்டாபேஸைக் கொண்டுவந்து வைத்து 'ரிப்பேர்' அழுத்தாதீர்கள். பழைய வெர்ஷன்களில் இப்படிச் செய்தபோது, கணக்கில் இல்லாத புதிய பேக்கப் ஃபைல்களை வேண்டாதவை என்று நினைத்து டுப்ளிகாட்டி அழித்ததுண்டு. ரிப்பேர் வேறு, ரீக்ரியேட் வேறு.

கேள்வி: எனக்கும் டுப்ளிகாட்டிதான். ஆனால் அப்டேட் எதுவும் செய்யவில்லை. காலையில் ஜாப் இருக்கிறது, மதியம் திறந்தால் இல்லை, மறுநாள் மறுபடி வருகிறது. கண்ணாமூச்சி ஆடுகிறது.

பதில்: உங்களிடம் இரண்டு டுப்ளிகாட்டி ஓடுகின்றன. ஒன்று சர்வீஸாக, இன்னொன்று கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரே ஐகான் வழியாக. முதலில் எழுந்தது 8200 என்ற போர்ட்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வாசல் எண்ணை, பிடித்துக்கொள்ளும். அடுத்தது 8300-க்குப் போகும். இரண்டுக்கும் தனித்தனி செட்டிங்ஸ். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். சர்வீஸை வைத்துக்கொண்டு, ட்ரே ஐகான் தனியாக சர்வர் ஓட்டாதபடி அதன் ஷார்ட்கட்டில் 'நோ-ஹோஸ்டட்-சர்வர்' ஆப்ஷனைச் சேருங்கள்.

கேள்வி: பள்ளி ஆசிரியை நான். நேற்று லேப்டாப்பைத் திறந்ததும் வால்பேப்பர் மாறியிருந்தது, டெஸ்க்டாப்பில் இருந்த ஃபைல்கள் இல்லை, பேக்கப் மென்பொருள் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறது. மகன் புதிதாக செட் பண்ணித் தருகிறேன் என்கிறான். செய்யலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, மகனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வால்பேப்பரும் டெஸ்க்டாப்பும் சேர்ந்து போயிருப்பதால், விண்டோஸ் உங்களைத் தற்காலிக ப்ரொஃபைலில் (உங்கள் ஃபைல்களும் செட்டிங்ஸும் இல்லாத வெறும் கணக்கில்) உள்ளே விட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன். தொடங்கும் நேரத்தில் உங்கள் ப்ரொஃபைலைப் படிக்க முடியாமல் போனால் விண்டோஸ் இப்படிச் செய்யும். ஆன்டிவைரஸ் குறுக்கே நிற்பதாலும் வரலாம், டிஸ்க்கில் கோளாறு தொடங்கியிருந்தாலும் வரலாம். இது லாட்ஜ் ரூம் மாதிரி. சைன் அவுட் செய்ததும் உள்ளே வைத்ததெல்லாம் துடைத்துப் போட்டுவிடுவார்கள். மகன் பாடுபட்டு செட் பண்ணுவதும் அதோடு போய்விடும்.

சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து உங்கள் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மூச்சு விட்டுக்கொள்ளலாம், பேக்கப் செட்டிங்ஸும் அதற்குள்தான் இருக்கும். லேப்டாப்பை இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பலருக்கு அதிலேயே சரியாகிவிடுகிறது. ஆகாவிட்டால் விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ப்ரொஃபைல்லிஸ்ட் என்ற இடத்தில், '.பேக்' என்று முடியும் பதிவைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள். அதற்கு முன் உங்கள் ஃபோல்டரை ஒரு பென்டிரைவிலாவது நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: ஆடிட்டர் ஆபீஸில் வேலை. கணக்கு எழுதும் டேலி பிரைம் மென்பொருளை மறுபடி இன்ஸ்டால் செய்த பிறகு கம்பெனி லிஸ்ட் காலியாக இருக்கிறது. பேக்கப் எடுக்கவும் கம்பெனி இல்லை. சீனியர் கேட்பதற்குள் பதில் வேண்டும்!

பதில்: கம்பெனி இருக்கும் இடத்தை டேலி மறந்துவிட்டது, அவ்வளவுதான். டேட்டா எங்கே என்ற தகவல் டேலி.ஐஎன்ஐ என்ற டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்ததில் அது பழையபடி ஆகியிருக்கும். கம்பெனி தேர்வு செய்யும் திரையில் 'ஸ்பெசிஃபை பாத்' கொடுத்துப் பழைய டேட்டா ஃபோல்டரைக் காட்டுங்கள். எந்த ஃபோல்டர் என்று தெரியவில்லையா? டி டிரைவிலும் தேடுங்கள். 10000, 10001 என்பது போல வெறும் எண் பெயரில் ஃபோல்டர்கள் இருக்கும் இடம்தான் அது. கிடைத்ததும் அந்த ஃபோல்டரை நகலெடுத்துவிட்டு, அப்புறம் சீனியரிடம் போங்கள். காலி லிஸ்டைப் பார்த்து அதே பெயரில் புதுக் கம்பெனி உருவாக்கி விடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பாதி வவுச்சர் அதிலும் பாதி இதிலுமாகக் கிடக்கும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடையில் பழைய டெஸ்க்டாப். கரண்ட் போய் வந்தால் பேக்கப் மென்பொருள் கிளவுட் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறது, ஷெட்யூலும் ஓடுவதில்லை. மூன்று முறை இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

பதில்: நான்காவது முறை செய்வதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா? மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 3 வோல்ட், ஒரு டீ பஜ்ஜி செலவுதான். தேதி தப்பாக இருந்தால் கிளவுட் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் "இன்னும் செல்லுபடி ஆகவில்லை" என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும், இணைப்பு நடக்காது. மென்பொருள் மேல் குற்றமே இல்லை.

பேட்டரி மாற்றிய பிறகு ஒன்றைக் கவனியுங்கள். தேதி தப்பாக இருந்த நாட்களில் எடுத்த பேக்கப்புகளுக்கும் பழைய தேதியே விழுந்திருக்கும். 'ஒரு வருடத்துக்கு மேற்பட்டதை நீக்கு' என்று விதி வைத்திருந்தால் அது முதலில் தூக்குவது அவற்றைத்தான். புது முழு பேக்கப் ஒன்று எடுத்து முடியும் வரை அந்த விதியை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: விண்டோஸை ரீசெட் செய்தேன். விண்டோஸோடு வரும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி என் பழைய பேக்கப் எதையும் காட்டவில்லை.

பதில்: ஃபைல் ஹிஸ்டரியின் செட்டிங்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, டிஸ்க்கில் ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் இருக்கும். ரீசெட்டில் போனது முதல் பிரதி. கன்ட்ரோல் பேனல் வழியாக ஃபைல் ஹிஸ்டரிக்குப் போய் டிரைவைத் தேர்வு செய்யும்போது, அந்த டிரைவில் ஏற்கனவே இருக்கும் பேக்கப்பைப் பயன்படுத்தவா என்று ஒரு டிக் பாக்ஸ் வரும். அதை டிக் செய்யுங்கள். வரவில்லை என்றாலும் பரவாயில்லை. டிஸ்க்கில் ஃபைல்ஹிஸ்டரி ஃபோல்டருக்குள் உங்கள் யூசர் பெயர், கம்ப்யூட்டர் பெயர், டேட்டா என்று இறங்கிப் போங்கள். ஃபைல்கள் பூட்டு எதுவும் இல்லாமல் அப்படியே இருக்கும், பெயருக்குப் பின்னால் எடுத்த தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் என்பதால் நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் காட்டும், குழம்ப வேண்டாம்.

கேள்வி: மேக்புக்கில் லாஜிக் போர்டு (மேக்கின் மதர்போர்டு) மாற்றினார்கள். மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் பழைய பேக்கப்பைத் தன்னுடையது என்று ஏற்க மறுக்கிறது.

பதில்: போர்டு மாறினால் டைம் மெஷினுக்கு அது வேறு மேக். பழைய டிஸ்க்கை மறுபடி சேர்க்கும்போது, பழைய வரலாற்றை இந்த மேக்குக்கு எடுத்துக்கொள்ளவா, புதிதாகத் தொடங்கவா என்று கேட்டால் அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிடாதீர்கள். கேட்கவே இல்லை என்றால், ஆப்ஷன் கீயைப் பிடித்துக்கொண்டு மெனு பாரில் டைம் மெஷின் ஐகானைச் சொடுக்குங்கள். மற்ற பேக்கப் டிஸ்க்குகளைப் பார்க்கும் வழி தெரியும், அங்கிருந்து வேண்டியதை எடுக்கலாம்.

கேள்வி: ஜாப் காணோம், அது போகட்டும். பாஸ்பிரேஸும் ஞாபகம் இல்லை. ஏதாவது மென்பொருள் உடைத்துக் கொடுக்குமா?

பதில்: கொடுக்காது. கொடுப்பேன் என்று சொல்கிறவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஏஇஎஸ்-256 பூட்டு அது, சாவி இல்லாவிட்டால் தயாரித்தவர்களாலும் திறக்க முடியாது. உங்களுக்கு மிச்சம் இருப்பது, பழைய செட்டிங்ஸ் ஃபைல் எங்காவது கிடைக்கிறதா என்று தேடுவது. சில மென்பொருள்கள் பாஸ்பிரேஸையும் அதற்குள் வைத்திருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க், விற்காமல் பரணில் போட்ட லேப்டாப், உங்களுக்கே நீங்கள் அனுப்பிக்கொண்ட மெயில் என்று எல்லாவற்றையும் துழாவுங்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் நடந்ததுதான். பாஸ்பிரேஸை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பத்திரமாக எழுதி, அந்த ஃபைலையும் அதே பேக்கப்புக்குள் போட்டு வைத்திருந்தேன். பீரோவுக்குள் பீரோச் சாவி. இரண்டு வருடக் குறிப்புகள் போயின. இப்போது ஜாபை எக்ஸ்போர்ட் செய்து, பாஸ்வேர்டுகளும் அதில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்து, தனி பென்டிரைவில் வைக்கிறேன். பாஸ்பிரேஸைக் காகிதத்தில் எழுதி ரேஷன் கார்டு கவருக்குள் செருகியிருக்கிறேன். வீட்டில் அந்தக் கவரை மட்டும் யாரும் தொலைப்பதில்லை.

கேள்வி: பென்டிரைவ் செருகி வைத்திருந்த நாளிலிருந்து 'டெஸ்டினேஷன் கிடைக்கவில்லை' என்று வருகிறது. ஜாபை அழித்துவிட்டுப் புதிதாகப் போடவா?

பதில்: அழிக்காதீர்கள். ஈ டிரைவ் என்ற எழுத்தைப் பென்டிரைவ் பிடித்துக்கொண்டது, பேக்கப் டிஸ்க் எஃப் ஆகிவிட்டது. பென்டிரைவை எடுத்துவிட்டு, டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பேக்கப் டிஸ்க்குக்கு இசட் போலக் கடைசி எழுத்து ஒன்றைக் கொடுங்கள். ஜாபில் டெஸ்டினேஷனையும் அதற்கு மாற்றுங்கள். பென்டிரைவ்கள் அவ்வளவு தூரம் வந்து இடம் பிடிக்காது.