கன்ன எலும்பு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ள வெளிநாடு போகலாமா?

"என் கன்னங்கள் தட்டையாக இருக்கின்றன. வெளிநாடு போய் கன்ன எலும்பு இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் செய்துகொண்டவள், அதுவும் வெளிநாட்டில். போகாதீர்கள் என்று தடுக்க வரவில்லை. ஆனால் இம்ப்ளாண்ட்டை, அதாவது கன்ன எலும்பின் மேல் பொருத்தும் செயற்கைத் துண்டை, வைக்கப்போகும் மருத்துவரைத் தேடும் முன்பே, தேவைப்பட்டால் அதை எடுத்துவிடக்கூடிய ஒரு மருத்துவரை உங்கள் ஊரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எனக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மேல் உதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே வாய்க்குள் கீறி, இரண்டு பக்கமும் சிலிகோன் துண்டுகளை வைத்தார்கள். வெளியே தழும்பு எதுவும் இல்லை. வீக்கம் வடியத் தொடங்கியதும் ஊர் திரும்பினேன். சில வாரங்கள் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் வலது கன்னம் மட்டும் மெல்ல வீங்க ஆரம்பித்தது. தொட்டால் சூடாக இருந்தது. வாய்க்குள் தையல் போட்ட இடத்தில் கெட்ட சுவையோடு ஏதோ கசிந்தது. சீழ்.

ஆபரேஷன் செய்த இடத்துக்குச் செய்தி அனுப்பினேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், ஆன்டிபயாடிக் சாப்பிடச் சொன்னார்கள், முடிந்தால் நேரில் வரச் சொன்னார்கள். காய்ச்சலோடு, கண் பாதி மூடியிருக்கும் அளவுக்கு வீங்கிய முகத்தோடு யாரால் விமானம் ஏற முடியும்? உள்ளூரில் பார்த்த மருத்துவர்கள் தயங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே இருப்பது என்ன பொருள், என்ன அளவு, திருகு போட்டிருக்கிறார்களா, நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இன்னொருவர் செய்த வேலையில் கைவைப்பது ஆபத்து. கடைசியில் முக, தாடை அறுவை சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவர் ஒப்புக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வியே "இம்ப்ளாண்ட் பெட்டியில் இருந்த ஸ்டிக்கர் இருக்கிறதா?" என்பதுதான். நல்லவேளையாக டிஸ்சார்ஜ் தாளிலேயே அதை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். தயாரித்த நிறுவனம், மாடல், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்.

வலது பக்க இம்ப்ளாண்ட்டை எடுக்க வேண்டியதாயிற்று. பலருக்கும் புரியாத விஷயம் இது: ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். மருந்து ரத்தத்தின் வழியாகப் போகிறது. எனக்கு வைத்தது போன்ற சிலிகோன் இம்ப்ளாண்ட்டுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. கிருமிகள் அதன் மேல் படலம்போல் ஒட்டிக்கொண்டுவிட்டால் மருந்து அவற்றை முழுவதுமாக அழிப்பது கடினம். அதனால் பெரும்பாலும் பொருளை எடுத்துவிட்டு, புண்ணை ஆறவிட்டு, சில மாதங்கள் கழித்து மறுபடி வைப்பார்கள். அதுவரை ஒரு கன்னம் மேடாக, மறு கன்னம் தட்டையாகத்தான் நான் வெளியே போய்வந்தேன். பிறகு அதே உள்ளூர் மருத்துவரிடமே புதிதாக வைத்துக்கொண்டேன். இன்று என் முகம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

என்ன பொருள் வைக்கிறார்கள் என்பதை வடிவத்தைவிட முக்கியமாகப் பாருங்கள். சிலிகோன் என்றதும் உள்ளே திரவம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், முகத்துக்கு வைப்பது திடமான, வளையும் துண்டு. உடம்பு அதைச் சுற்றி மெல்லிய உறை ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், ஆனால் அதற்குள் திசு வளராது. அதனால் எடுப்பது சுலபம். அதே காரணத்தால் சரியாகப் பொருத்தாவிட்டால் இடம் நகரவும் வாய்ப்பு உண்டு. காலப்போக்கில் அடியில் உள்ள எலும்பைக் கொஞ்சம் அரிக்கவும் கூடும். மெட்போர் என்ற பெயரில் பலர் அறிந்த நுண்துளை பாலிஎத்திலீன் இதற்கு நேரெதிர். அந்தத் துளைகளுக்குள் திசுவும் ரத்தக்குழாய்களும் வளர்ந்து அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகராது. ஆனால் எடுக்க வேண்டி வந்தால் சுற்றியுள்ள திசுவையும் பிரித்துத்தான் எடுக்க வேண்டும், துண்டுதுண்டாக உடைந்தும் வரலாம். மூன்றாவதாக, சிடி ஸ்கேன் எடுத்து உங்கள் எலும்பின் அளவுக்கே கணினியில் வடிவமைக்கும் பீக் என்ற கடினமான பாலிமர் இருக்கிறது. அதைத் திருகு போட்டு எலும்போடு பிணைப்பார்கள்.

எனக்கு நுண்துளைப் பொருள் வைத்திருந்தால் இன்னும் பெரிய ஆபரேஷனாகியிருக்கும் என்று என் மருத்துவர் சொன்னார். தொலைவில் போய்ச் செய்துகொள்பவர்களுக்கு எடுக்கச் சுலபமான பொருள் நல்லது என்பது என் கருத்து. இதை ஏற்காத மருத்துவர்களும் இருக்கிறார்கள். நகராமல் இருப்பதே முக்கியம் என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது.

அடுத்து நரம்பு. கண்குழியின் கீழ் விளிம்புக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கீழே எலும்பில் ஒரு சிறு துளை உண்டு. கீழ் இமை, மூக்கின் பக்கவாட்டு, கன்னம், மேல் உதடு ஆகியவற்றுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அது வழியாகத்தான் வெளியே வருகிறது. இம்ப்ளாண்ட்டுக்காகப் பை போல இடம் பிரிக்கும்போது அது இழுபடும். மேல் உதடு மரத்துப்போவது சகஜம், வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். எனக்கு இடது பக்கம் திரும்ப வெகுநாள் ஆனது, ஆறும்போது எறும்பு ஊர்வது போல இருந்தது. சிரிப்பைத் தூக்கும் தசைகள் கன்ன எலும்பிலிருந்துதான் புறப்படுகின்றன. அதனால் முதல் சில வாரங்கள் சிரித்தால் விறைப்பாக இருக்கும். திருமணம், நேர்காணல் என்று ஏதாவது நெருங்கி இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள். பெரிய வீக்கம் இரண்டு வாரத்தில் குறைந்தாலும், கடைசி வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்குள் கண்ணாடியைப் பார்த்துப் பதறாதீர்கள்.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பது செய்துகொண்டவர்களிடம் அடிக்கடி கேட்கும் குறை. யாருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் இடது வலது வித்தியாசத்தை ஸ்கேனில் காட்டி மருத்துவர் பேச வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே கன்னத்தில் தெரியும். மெலிந்த தோல் உள்ளவர்களுக்கும், வயதாகி முகக் கொழுப்பு குறைபவர்களுக்கும் இம்ப்ளாண்ட்டின் விளிம்பு தட்டுப்படலாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: உங்களுக்குத் தேவைப்படுவது இம்ப்ளாண்ட்தானா? தட்டை என்று முடிவு செய்ததற்கு செல்ஃபிதான் ஆதாரம் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 2018-இல் வந்த ஓர் ஆய்வு, 12 அங்குல தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று கணக்கிட்டது. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகும், தள்ளியிருக்கும் கன்னம் ஒடுங்கும். ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அதிலும் தட்டையாகத் தெரிந்தால், காரணம் கன்ன எலும்பா அல்லது மேல்தாடை முழுவதுமே பின்வாங்கி இருக்கிறதா என்று முக, தாடை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பற்கள் சரியாகக் கடிபடாதவர்களுக்குத் தாடை அறுவைதான் பொருத்தமாக இருக்கும், கன்னத்தில் வைக்கும் துண்டு அதை மறைக்க மட்டுமே செய்யும். எலும்புக்குக் கீழே குழி விழுந்திருந்தால் வைக்க வேண்டிய இடமே வேறு.

சந்தேகம் உள்ளவர்கள் முதலில் ஹையலூரானிக் அமில ஃபில்லர், அதாவது கன்னத்தை நிரப்ப ஊசியால் செலுத்தும் ஜெல், போட்டுப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. நிரந்தரமில்லை, பிடிக்காவிட்டால் ஹையலூரானிடேஸ் ஊசியால் கரைத்துவிடலாம். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மருந்து தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம், மிக அரிதாகப் பார்வையே போகலாம். அனுபவமுள்ள மருத்துவரிடம் மட்டும் போடுங்கள். உங்கள் உடம்புக் கொழுப்பையே எடுத்து வைக்கும் முறையும் உண்டு, அதில் ஒரு பகுதி கரைந்துவிடும்.

நாளின் பெரும்பகுதி கன்னத்தைப் பற்றிய நினைப்பிலும் கண்ணாடியிலும் கழிகிறது, அதனால் வெளியே போவதையே தவிர்க்கிறீர்கள் என்றால், தயவுசெய்து முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உடல் தோற்றக் கவலை நோய் உள்ளவர்களுக்கு ஆபரேஷன் நிம்மதி தருவது அபூர்வம். இதை அக்கறையோடு சொல்கிறேன்.

சரி, வெளிநாடு என்றே முடிவு செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் முகத்தில் கத்தி வைக்கப்போவது யார் என்பதைப் பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். தென் கொரியாவில் ஆலோசனை தந்தவர் ஒருவர், மயக்கம் கொடுத்தபின் அறுவை செய்பவர் இன்னொருவர் என்ற கொடுமை பெரிய பிரச்சினையாக இருந்தது. 2016-இல் தாடை ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்தார். அவர் தாயின் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, நோயாளி மயக்கத்தில் இருக்கும் அறுவை அறைகளில் கேமரா வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டம் 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் நோயாளியோ அவர் துணையோ கேட்டால்தான் பதிவு செய்வார்கள். அங்கே போகிறவர்கள் கேட்டு வாங்குங்கள், அந்த உரிமை உங்களுடையது. ஜேசிஐ போன்ற சர்வதேசச் சான்றிதழ் மருத்துவமனைக்குத் தருவது, மருத்துவரின் கைத்திறனுக்குத் தருவது இல்லை. மருத்துவரின் பதிவையும் சிறப்புப் பயிற்சியையும் அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலில் தனியாகச் சரிபாருங்கள். ஒப்புதல் படிவம் நீங்கள் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும். ஏஜென்ட் மட்டுமே பேசி, மருத்துவரை ஆபரேஷன் அன்று காலையில்தான் பார்க்க முடியும் என்றால் அந்த இடம் வேண்டாம்.

தங்கும் நாட்களைக் குறைக்காதீர்கள். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் 7 முதல் 10 நாள் கழித்தே விமானம் ஏறலாம் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தரும் அறிவுரை. ஆபரேஷனும் நீண்ட விமானப் பயணமும் சேர்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். அவ்வளவு நாள் தங்கினாலும் தொற்று அதற்குப் பிறகும் தலைகாட்டலாம் என்பதை மறக்க வேண்டாம். 2013, 2014-இல் டொமினிகன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பியவர்களிடம் மைக்கோபாக்டீரியா வகைத் தொற்று வந்தது. காசநோய்க் கிருமிக்கு உறவான இது வாரக்கணக்கில் கழித்து வரும், வழக்கமான சோதனையில் தப்பிவிடும், குணமாக மாதக்கணக்கில் மருந்து வேண்டும். என் சீழை என் மருத்துவர் இந்தச் சோதனைக்கும் சேர்த்தே அனுப்பினார், நான் எங்கே ஆபரேஷன் செய்தேன் என்று மறைக்காமல் சொன்னதால். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறையப் பேர். இம்ப்ளாண்ட் இருப்பதைப் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள், ஊசி போடுவது அந்த இடத்துக்கு மிக அருகில்தான். பயணக் காப்பீடும் பெரும்பாலும் நீங்களே தேர்ந்துகொண்ட ஆபரேஷனின் சிக்கலுக்குப் பணம் தராது, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள்.

உள்ளூர் மருத்துவர் ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகு, அவர் பெயரை வைத்துக்கொண்டு வெளிநாட்டு மருத்துவரோடு வீடியோவில் பேசுங்கள். ஆபரேஷன் குறிப்பு, சிடி ஸ்கேன், இம்ப்ளாண்ட் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உள்ளூர் மருத்துவருக்கு நேரடியாக அனுப்புவீர்களா, ஊர் திரும்பிய பின் தொற்று வந்தால் அவரோடு பேசுவீர்களா, எடுக்க நேர்ந்தால் செலவு யாருடையது என்று கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் கைக்கு வரும்வரை முன்பணம் கட்ட வேண்டாம்.