16ஆம் நூற்றாண்டு சாமுராய் கவசம் என்று கடைக்காரர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி இது: "இணையத்தில் ஒரு பழம்பொருள் வியாபாரி '16ஆம் நூற்றாண்டு, போரில் பயன்பட்ட முழு சாமுராய் கவசம்' என்று போட்டு 14 லட்சம் ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். இதோடு நிறுத்தியிருப்பேன். "போரில் பயன்பட்டது" என்ற சொல்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது. அதே சொல்லுக்கு நானும் காசு கொடுத்திருக்கிறேன்.

நான் நிபுணன் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன். டோக்கியோவில் எட்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்தவன், அவ்வளவுதான். வியாபாரிகள் எல்லோரும் திருடர்கள் என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக வைத்துக்கொண்டு பின்னூட்டத்தில் யாராவது சண்டைக்கு வருவீர்கள், தெரியும். நீங்களும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்: ஏதோ அருங்காட்சியகத்தில் ஒரு கவசத்தைப் பார்த்திருப்பீர்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு, வரவேற்பறையில் ஒரு மூலை காலியாக இருக்கும்.

2019 ஜூன், மழைக்காலம். அப்போது டோக்கியோவில் வீடு தேடிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தரகர் என் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் போடுவார். "வாடகைக்கு வருபவர் வெளிநாட்டவர்..." என்று ஆரம்பிப்பார். அந்தப் பக்கம் ஏதோ சொல்வார்கள். இவர் தலையைக் குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்பார். நான்கு முறை நடந்தது. வரி கட்டுகிறேன், மொழி பேசுகிறேன், குப்பையைக்கூடப் பிரித்துத்தான் போடுகிறேன். ஐந்தாவது வீட்டில் சம்மதித்தார்கள், இரண்டு மாத வாடகையை 'ரெய்கின்' என்று வாங்கிக்கொண்டார்கள். முன்பணம் வேறு, இது வேறு. வீடு கொடுத்ததற்காக உரிமையாளருக்கு நாம் தரும் அன்பளிப்பு, திரும்ப வராது. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மாதம் கியோத்தோ போயிருந்தேன். தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி சந்தை கூடும், அதைப் பார்க்க. திரும்பும் வழியில் மழை வலுக்க, ஒரு பழம்பொருள் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார், எனக்குப் புரியும்படி நிதானமாகப் பேசினார். பல வாரங்களாக என்னிடம் யாரும் அப்படிப் பேசவில்லை. நான் கொடுத்த 3,80,000 யென்னில் பாதி அந்தத் தேநீருக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் காட்டியது ஒரு கபுதோ, அதாவது தலைக்கவசம். மெல்லிய இரும்புப் பட்டைகள் 62ஐ ஆணியடித்துச் சேர்த்த கிண்ணம், முன்பக்கம் துப்பாக்கிக் குண்டு பட்டது போல ஒரு குழி. "மூரோமாச்சி காலம் என்று வழங்கிவருகிறது. பழைய குடும்பம் ஒன்றின் கிடங்கிலிருந்து நேராக வந்தது" என்றார். மூரோமாச்சி என்றால் 1336 முதல் 1573 வரையான காலம். உள்துணியைக் கொஞ்சம் விலக்கி, இரும்பில் பொறித்திருந்த பெயரைக் காட்டினார். நொபுயியே. அங்கேயே கைப்பேசியில் தேடினேன். மியோச்சின் நொபுயியே, 16ஆம் நூற்றாண்டில் பேர்பெற்ற கவசக் கொல்லர். நெஞ்சு படபடத்தது. அந்தப் பெயரைப் போலியாகப் பொறித்த கவசங்கள் ஏராளம் என்பதை இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் படித்திருப்பேன். போகவில்லை. அட்டையை நீட்டிவிட்டேன். அன்றைய மதிப்பில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய்.

மூன்று மாதம் கழித்து, உடன் வேலை பார்த்தவரின் மாமனார் என் வீட்டுக்கு வந்தார். எழுபது வயதுக்கு மேல், நாற்பது வருடமாகக் கவசம் சேர்ப்பவர். கபுதோவை இரண்டு கையாலும் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அப்புறம், கபுதோவோடு கடையில் கொடுத்த பெட்டியைப் பார்த்து, "பெட்டி மிகவும் நன்றாக இருக்கிறது" என்றார். பொருளை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாராட்டினால் என்ன அர்த்தம் என்று ஜப்பானில் இருந்தவர்களுக்குத் தெரியும், அத்தோடு கதை முடிந்தது.

நான் வற்புறுத்தியதும் ஒவ்வொன்றாகச் சொன்னார். கழுத்தை மறைக்கும் அடுக்குத் தகடுகள் வேறொரு கபுதோவுக்கு உரியவை. அதற்கு அடையாளம், கிண்ணத்தின் அடிவிளிம்பில் இரண்டு வரிசைத் துளைகள், அதில் ஒன்றை அரக்கால் அடைத்திருந்தார்கள். குண்டு பட்ட குழிக்கு நேராக உட்புறம் துளியும் புடைக்கவில்லை. பெயரைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். சுற்றிலும் இரும்பு குழிகுழியாகத் துருப்பிடித்திருந்தது, எழுத்தின் வெட்டு அந்தக் குழிகளின் மேலேயே ஓடியது. "துரு பழையது, எழுத்து புதியது" என்றார். கிண்ணம் மட்டும் எடோ காலத்தின் (1603-1868) நடுப்பகுதியாக இருக்கலாம், மோசமில்லை என்று ஆறுதலும் சொன்னார்.

உங்கள் கேள்விக்கான பதில் இனிமேல்தான் வருகிறது. ஒசாக்கா கோட்டை 1615இல் விழுந்தது. 1637-38இல் ஷிமபாரா கிளர்ச்சி. அதன் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானில் பெரிய போரே கிடையாது. ஆனால் சாமுராய்கள் இருந்தார்கள், அவர்களுடைய அந்தஸ்துக்குக் கவசம் வேண்டியிருந்தது, கொல்லர்களுக்கும் வேலை நடந்தது. இன்று கடைக்கு வருவதில் பெரும்பகுதி அந்த அமைதிக் காலத்துச் சரக்குதான். அதற்கும் முந்தைய மிகப் பழைய கவசங்கள் ஓமிஷிமா தீவின் ஓயாமாசுமி ஆலயம், நாராவின் கசுகா ஆலயம் போன்ற இடங்களில் இருக்கின்றன. முக்கியப் பண்பாட்டுச் சொத்து என அரசு அறிவித்தவற்றை வெளிநாட்டுக்கு விற்கச் சட்டம் விடாது.

அப்புறம் 1876இல் வாள் அணிந்து நடமாடத் தடை வந்தது. ஏற்கெனவே வருமானம் போயிருந்த சாமுராய் குடும்பங்கள் கவசங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளின. வாங்க வெளிநாட்டவர் நின்றார்கள். ஒரு கவசத்தின் மார்பு, இன்னொன்றின் கை, மற்றொன்றின் கால் என்று கோத்து 'முழு செட்' ஆக்கினார்கள். இதற்கு 'யோசே குசோக்கு' என்று பெயரே உண்டு. உங்கள் வியாபாரி சொல்லும் 'முழு' எந்த முழு என்று கேளுங்கள்.

பழைய சான்றிதழ் காட்டுகிறாரா? அது இன்னும் சிக்கல். எடோ காலத்திலேயே மியோச்சின் குடும்பத்தார், பெயரில்லாத கபுதோக்களைத் தங்கள் முன்னோர் செய்தவை என்று சான்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் தோதாக நீண்ட வம்சாவளியும் இருந்தது, அதன் முற்பகுதியை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆக, தாள் நிஜமாகவே 300 வருடப் பழமையாக இருக்கும், அதில் எழுதியிருப்பது பொய்யாக இருக்கும்.

பட்டுக் கயிறு புதிதாக இருப்பதை மட்டும் குறையாக எடுக்காதீர்கள். பட்டு இற்றுப்போகும், சாமுராய்களே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். "கயிறு உட்பட எல்லாமே 16ஆம் நூற்றாண்டு" என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஏமாந்தது நாம் மட்டும் இல்லை. 1613இல் ஜப்பானை ஆண்ட ஷோகுன் ஹிதேததா இங்கிலாந்து அரசர் முதலாம் ஜேம்ஸுக்கு நாராவின் இவாய் யோசாயெமோன் செய்த கவசங்களை அனுப்பினார். அதே நூற்றாண்டிலேயே அதில் ஒன்றை லண்டன் கோபுரத்தில் முகலாயப் பேரரசருடையது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

நான் அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் மறுபடியும் தேநீர் கொடுத்துவிட்டு, என் ரசீதை வாங்கி மேசையில் விரித்தார். 'கபுதோ, ஒன்று, மே அரி' என்று இருந்தது. பெயர் பொறிப்பு உண்டு என்று அர்த்தம். பொறிப்பு இருக்கத்தான் செய்தது. யார் பொறித்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'மூரோமாச்சி என்று வழங்கிவருகிறது' என்றாரே, யார் வழங்கினார்கள் என்றும் கேட்கவில்லை. வேண்டுமானால் 1,30,000 யென்னுக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் குனிந்து வணங்கினார். நானும் பதிலுக்கு வணங்கிவிட்டு கபுதோவோடு வந்துவிட்டேன்.

நீங்கள் இன்னும் வாங்கும் யோசனையில் இருந்தால், உட்புறப் படங்கள் கேளுங்கள். மார்புக் கவசத்தின் உள்பக்கம், கபுதோவின் அடிவிளிம்புத் துளைகள், தோள் தகடுகளின் பின்புறம். ஜப்பானில் கவச ஆய்வு, பாதுகாப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது, பரிசோதித்துத் தரம் பிரித்துச் சான்று தருகிறார்கள். அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் எந்தெந்தப் பகுதிக்கு என்று படிக்கச் சொல்லுங்கள். உருப்படி நிஜமாகவே 16ஆம் நூற்றாண்டு என்றால் 14 லட்சம் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவு. எடோ காலத்து ஒட்டுச் செட் என்றால் மிகவும் அதிகம். நான் டோக்கியோவில் பார்த்த அப்படிப்பட்ட செட்டுகள் அதில் பாதிக்கும் கீழேதான் போயின.

கடையின் பெயரைக் கேட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம், சொல்ல மாட்டேன். கபுதோ இப்போது என் புத்தக அலமாரி மேல் இருக்கிறது. பெட்டி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, குளிர்காலப் போர்வைகளை அதில்தான் வைத்திருக்கிறோம்.