பாரிஸில் வாழும் சொனின்கே மக்கள் யார்? அவர்களின் மத வாழ்க்கை எப்படிப்பட்டது?

2014 இல் இருந்து ஆறு வருடம் பாரிஸில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பக்கத்துத் தொட்டியில் நின்றவர் ஒரு சொனின்கே, மேற்கு ஆப்பிரிக்க இனம் ஒன்றைச் சேர்ந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், அதனால் அங்கிருந்த ஆப்பிரிக்கர்கள் கூப்பிடுவது போல நானும் அவரை 'தொன்தொன்' என்றே கூப்பிட்டேன். பிரெஞ்சில் மாமா. அவரிடம் தெரிந்துகொண்டதும் பிறகு வாசித்ததுமாகச் சொல்கிறேன்.

இங்கே நம்மவர்கள் ஆப்பிரிக்கர் எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். அந்தச் சொல்லை இங்கே எழுத விருப்பமில்லை. தொன்தொன்னுடைய ஊர் மாலியில் காய் (Kayes) பகுதி. அங்கிருந்து செனகலின் பக்கெல், மொரித்தானியாவின் கிதிமாக்கா வரை செனகல் ஆற்றின் மேல்பகுதிதான் சொனின்கேக்களின் நாடு. பழைய கானா பேரரசை (இன்றைய கானா நாடு அல்ல) ஆண்டவர்கள் இவர்கள். அவர்கள் வழக்கில் அதன் பெயர் வகாது. அரசனின் ஊருக்குப் பக்கத்திலேயே பன்னிரண்டு பள்ளிவாசல்களோடு முஸ்லிம்களின் ஊர் ஒன்று இருந்ததாக அரபுப் புவியியலாளர் அல்-பக்ரி 1068 இல் எழுதியிருக்கிறார். "பிரான்சுக்கு வந்து முஸ்லிம் ஆனவர்களா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

ஊரை விட்டுப் போவதும் இவர்களுக்குப் புதிதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆற்றில் ஓடிய பிரெஞ்சுப் படகுகளில் வேலை, பிறகு மார்செய் துறைமுகம், 1960களில் பாரிஸின் தொழிற்சாலையும் தெருக்கூட்டலும். அண்ணன் சில வருடம் உழைத்துத் திரும்புவார், தம்பி வருவார். 1974 இல் பிரான்ஸ் தொழிலாளர் வருகையை நிறுத்தியதும் இந்த முறைமாற்றம் அறுந்தது. போனால் திரும்ப வர முடியாது என்று இருந்துவிட்டார்கள். பிறகு குடும்பங்களும் வந்தன.

தனியாக இருந்த ஆண்கள் தங்கியது 'ஃபோயே' எனும் தொழிலாளர் விடுதிகளில். பாரிஸின் புறநகரான மொந்த்ரொயில் ஒரு ஃபோயேக்கு அவரோடு போயிருக்கிறேன். கீழ்த்தளத்தில் தொழுகை அறை, வாசலில் செருப்புக் குவியல், பக்கத்தில் பொதுச் சமையலறை. கடலைக் குழம்பு ஊற்றிய சோற்றை ஒரே தட்டில் ஐந்து பேர் கையால் சாப்பிட்டோம். ஒரு மூலையில் கொப்பி வைத்து ஊர்ப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பணத்தில்தான் ஊரில் பள்ளிவாசல் எழும்பும், அப்புறம் கிணறு, பள்ளிக்கூடம், மருந்தகம். யாராவது இங்கே இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புவதும் இதே பணம்தான். நம் ஊர்ச் சங்கங்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

மதத்தில் சுன்னி முஸ்லிம்கள், சட்டத்தில் மாலிக்கி வழி. பலர் திஜானியா என்ற தரீக்காவை, அதாவது சூஃபி வழியைச் சேர்ந்தவர்கள். அதில் மாலியின் நியோரோ ஊர் ஷேக் ஹமல்லாவுக்குச் சொனின்கேக்களிடம் பெரிய மதிப்பு. குறிப்பிட்ட ஒரு துதியைப் பன்னிரண்டு முறை ஓதுவதா, பதினொரு முறையா என்ற சச்சரவில் அவர் பதினொன்றின் பக்கம். காலனி அரசு அதையும் கலகமாகப் பார்த்து அவரை நாடு கடத்தியது. 1943 இல் பிரான்சின் மொன்லுசோனில் இறந்தார். அவருடைய கல்லறை இங்கேதான் இருக்கிறது.

2015 ரமழான் ஜூன், ஜூலையில் வந்தது. பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்தாகும், இரவுச் சாப்பாட்டு வேலை உச்சத்தில் இருக்கும் நேரம். பாத்திர இயந்திரத்தின் ஆவிக்குள் நாள் முழுக்க நின்றவர், குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் போய் மூன்று பேரீச்சம்பழம், ஒரு குவளைத் தண்ணீர் என்று இரண்டே நிமிடத்தில் நோன்பு திறந்துவிட்டு வந்து நிற்பார்.

இன்னொன்று அவர் சொல்லித்தான் தெரியும். சொனின்கே சமூகத்தில் சுதந்திரர், கொல்லர் போன்ற தொழில் குலத்தார், அடிமை வழி வந்தவர் என்று பிறப்பிலேயே தட்டுகள் உண்டு. தொன்தொன் மூன்றாம் தட்டு. விசேஷங்களில் ஆடு அறுப்பதும் சமைப்பதும் அவர்கள் வேலை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கலாம், ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாக முன்னால் நிற்க முடியாது. 'எல்லோரும் சமம்' என்று பொருள்படும் கம்பானா இயக்கம் இதை எதிர்த்துப் புலம்பெயர்ந்தவர்களிடையே வாட்ஸ்அப் குரல் பதிவுகளில்தான் பரவியது. ஊரில் இந்த இயக்கத்தில் சேர்ந்தவர்களுக்குக் கிணறும் கடையும் மறுக்கப்பட்டன. 2020 செப்டம்பரில் காய் பகுதியில் இதை எதிர்த்த நால்வர் கொல்லப்பட்டார்கள்.

அந்தப் பதிவுகளைச் சட்டிகளுக்கு மேலே தட்டில் போனை வைத்துக் கேட்டுக்கொண்டே தேய்ப்பார். ஒருநாள் நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார், "உங்கள் ஊர்க் கோவிலில் யார் வேண்டுமானாலும் பூசை செய்யலாமா?"

இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த சட்டியை எடுத்தார்.