தீர்ப்பு வரை போகுமா?

கேள்வி: யு.எஃப்.சி. (கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி) சண்டை எல்லாச் சுற்றும் முடிந்து நடுவர்கள் புள்ளி பார்த்துச் சொல்லும் தீர்ப்பு வரை போகுமா, நடுவிலேயே முடியுமா என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா ஐயா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: முதலில் எடையைப் பாருங்கள், தம்பி. அதிக எடைப் பிரிவான ஹெவிவெயிட்டில் ஒரே குத்தில் கதை முடியலாம். எடை குறைந்த 125 பவுண்டு ஃப்ளைவெயிட்டில் தீர்ப்பு வரை போக வாய்ப்பு அதிகம். அப்புறம், மூன்று சுற்றா ஐந்தா? சுற்றுக்கு 5 நிமிடம். 15 நிமிடம் தாங்குபவர் 25-இல் தளரலாம்.

இதெல்லாம் தெரிந்தும் 2018 ஜூலையில் ஏமாந்தேன். ஹெவிவெயிட் வீரர்கள் ஃப்ரான்சிஸ் இங்கானு, டெரிக் லூயிஸ் மோதினார்கள். இருவருமே இடி மாதிரி குத்துபவர்கள். முதல் சுற்றைத் தாண்டாது என்று புதுச்சேரி சண்டே மார்க்கெட் டீக்கடையில் சவால்விட்டேன். இருவரும் முறைத்துக்கொண்டே நின்றார்கள். மூன்று சுற்றும் ஓடி, லூயிஸ் தீர்ப்பில் வென்றார். அன்று ஆறு பேருக்கு டீயும் வடையும் என் செலவு.