திருவருகைக் காலச் செபம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரத் தயாரிப்பான திருவருகைக் காலம் நெருங்குகிறது, செபம் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பொதுவான கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் கேரல், கேக் என்று தொடங்கி, 25ஆம் தேதி மதியத்தோடு களைத்துப்போய் நிறுத்திவிடுகிறோம். திருச்சபை வைத்திருக்கும் கணக்கே வேறு. பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், சென்னை): டீச்சர், எனக்கு எப்பவும் நைட் ஷிஃப்ட்தான். காலைத் திருப்பலிக்குப் போக முடியாது. பெரிசா செபிக்க நேரமும் இல்ல. குறைஞ்சபட்சம் என்ன செய்யலாம்?

தம்பி, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தி எந்த ஆண்டிலும் விழித்திருப்பதைப் பற்றித்தான். மாற்கு 13ஆம் அதிகாரத்தில் வீட்டுத் தலைவர் மாலையில் வரலாம், நள்ளிரவில் வரலாம், சேவல் கூவும்போது வரலாம், காலையில் வரலாம் என்று ஆண்டவர் சொல்கிறார். அந்த நேரம் முழுக்க விழித்திருப்பவர் நீங்கள். இடைவேளையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைய திருப்பலி வாசகங்களைப் போனிலேயே வாசியுங்கள். நற்செய்தியை மட்டும் வாசித்து விட்டுவிடாதீர்கள், முதல் வாசகத்தையும் சேர்த்து வாசியுங்கள். இந்தக் காலத்தின் தொடக்க நாள்களில் இரண்டும் சோடியாக வரும். முதல் வாரப் புதன்கிழமை இறைவாக்கினர் எசாயா மலைமேல் நடக்கப்போகும் பெரிய விருந்தைச் சொல்வார். நற்செய்தியில் இயேசு மலைமேல் ஏறி அமர்ந்து, பசித்த கூட்டத்துக்கு ஏழு அப்பங்களைப் பகிர்ந்து கொடுப்பார். வெள்ளிக்கிழமை பார்வையற்றோர் காண்பர் என்பார் எசாயா. நற்செய்தியில் பார்வையற்றோர் இருவர் பார்வை பெறுவார்கள். வாக்குறுதியும் அது நிறைவேறுவதும் ஒரே நாளில் கைக்கு வருகின்றன. வாசித்து முடித்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஆண்டவரே, எனக்கு நீர் சொன்ன எந்த வாக்குக்காக நான் இன்னும் காத்திருக்கிறேன்?" அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

கேள்வி (கும்பகோணம்): சாமியார் ஊதா உடை போடுறாங்களே, தவக்காலம் மாதிரி கறி, மீன் ஒதுக்கணுமா?

ஒதுக்க வேண்டும் என்று திருவருகைக் காலத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒறுத்தல் எப்போதும் உள்ளதுதான். ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடலைப் பாடுவதில்லை, ஆனால் அல்லேலூயா தொடர்கிறது. தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். இந்தக் காலம் மகிழ்ச்சியோடு காத்திருப்பது என்பது அதிலேயே தெரிகிறது. விருப்பப்பட்டு ஒருவேளை உணவைத் தவிர்த்து அந்தப் பணத்தை ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கொடுத்தால் மிக நல்லது.

கேள்வி (இளம் தாய், தூத்துக்குடி): அக்கா, மெழுகுதிரி வளையத்துல ஒண்ணு மட்டும் ஏன் ரோஸ் கலர்னு பையன் கேக்குறான். அது சீர்திருத்த சபைக்காரங்க வழக்கம்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார். வைக்கலாமா?

சொந்தக்காரர் சொல்வது சரிதான். அதனால் ஒரு குறையும் இல்லை. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், 'கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ' என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக 1839இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்து நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கத்தோலிக்க ஆலயங்களுக்கு அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. நல்ல பழக்கம் சகோதரர் வீட்டிலிருந்து வந்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வோம்.

இன்று நாம் ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு திரிகளில் ரோஸ் நிறம் மூன்றாம் ஞாயிறுக்கு. "ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்" என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய வரியோடு அன்றைய திருப்பலி தொடங்கும். பாதி தூரம் தாண்டிவிட்டோம் என்ற மகிழ்ச்சி அது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பையனையே பற்றவைக்கச் சொல்லுங்கள். "ஆண்டவராகிய இயேசுவே, வாரும்" என்று எல்லாரும் மூன்று முறை சொல்லுங்கள். சின்னப் பிள்ளைக்கு இதைவிட நீளமான செபம் வேண்டாம்.

கேள்வி (பாடகற்குழு உறுப்பினர், திருச்சி): டிசம்பர் 17இலிருந்து திருவழிபாடு மாறுதே, ஏன்? அந்த வாரத்தை வீட்ல எப்படிச் செபிக்கலாம்?

நான் காத்திருந்த கேள்வி இது. டிசம்பர் 16 வரை ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கியே நம் மனதைத் திருச்சபை திருப்புகிறது. 17 முதல் 24 வரைதான் பெத்லகேமை நோக்கிய நேரடித் தயாரிப்பு. 17 முதல் 23 வரை மாலைப் புகழ் என்ற திருச்சபையின் மாலைச் செபத்தில், லூக்கா நற்செய்தியில் உள்ள மரியாவின் பாடலுக்கு முன், நாளுக்கு ஒரு பெயர் சொல்லி மெசியாவை அழைக்கிறோம். முதல் நாள் ஞானமே என்று. அடுத்து, மோசேக்கு முட்செடியில் தோன்றிய ஆண்டவரே. பிறகு ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே. 23ஆம் தேதி இம்மானுவேலே. ஒவ்வொன்றும் 'வாரும்' என்ற ஒரே மன்றாட்டில் போய் முடியும். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் திருச்சபை பாடிவரும் செபம் இது.

வீட்டில் இரவுச் செபத்தில் அன்றைய பெயரைச் சொல்லி அழையுங்கள், அந்தப் பெயருக்கு ஏற்ற ஒரு தேவையை வையுங்கள், மரியாவின் பாடலைச் சேர்ந்து சொல்லுங்கள். 17 அன்று முடிவெடுக்கத் தெரியாமல் திணறுபவருக்காக. 20 அன்று, சிறையில் இருப்பவர்களையும் குடியில் மாட்டிக்கொண்டவர்களையும் திறவுகோலானவரிடம் ஒப்படையுங்கள். அந்தப் பெயர் எசாயா 22இலிருந்து வருகிறது: அவர் திறந்தால் எவரும் பூட்ட முடியாது. 21 அன்று, மன இருளில் தவிப்பவர்களுக்காக விடியலை அழையுங்கள். 'எல்லாருக்காகவும்' என்று பொதுவாக விடாமல், ஒரு முகத்தை நினைத்து வேண்டுங்கள்.

ஒன்றையும் விடாமல் ஏழு நாளும் செய்யுங்கள். அந்த வாரம் ஷாப்பிங்கும் சுத்தம் செய்வதும் உச்சத்தில் இருக்கும் என்று தெரியும். அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

கேள்வி: அதே 17ஆம் தேதி நற்செய்தி வெறும் பெயர்ப் பட்டியல். அதுல என்ன தியானிக்க?

மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையில் மரியாவுக்கு முன் நான்கு பெண்களைத் தேடிப் பாருங்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. ஊர் வாய்க்கு ஆளாகியிருக்கக்கூடிய கதைகள். அயல் இனப் பெண்களும் உண்டு. இயேசுவின் குடும்பத்திலிருந்து இவர்களை மத்தேயு மறைக்கவில்லை. நம் வீட்டில் பெயரே எடுக்காத சித்தப்பா, ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட அத்தை, இவர்கள் பெயரை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்துச் செபியுங்கள். முடிந்தால் ஒருவருக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி (வேளாங்கண்ணி அருகே): இந்தச் செபத்தை தினமும் 15 தடவை சொன்னா கேட்டது கிடைக்கும்னு வாட்ஸ்ஆப்பில் வந்துச்சு. உண்மையா?

புனித அந்திரேயா நவநாள் என்று சொல்லப்படும் பக்தி முயற்சி அது. நவம்பர் 30இல் தொடங்கிக் கிறிஸ்து பிறப்பு வரை சொல்வார்கள். இறைமகன் நள்ளிரவில், கடுங்குளிரில் பிறந்த அந்த நேரத்தைப் போற்றும் அழகான செபம், தாராளமாகச் சொல்லுங்கள். 'கேட்டது கட்டாயம் கிடைக்கும்', 'பத்துப் பேருக்கு அனுப்பு' என்ற வால்களை மட்டும் வெட்டிவிடுங்கள். கடவுளோடு பேரம் பேச அது கருவி அல்ல.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றார்): அம்மா, ஆகஸ்ட்ல என் வீட்டுக்காரர் போயிட்டார். இந்த வருசம் ஸ்டார் கட்டல, பலகாரம் இல்ல. ராத்திரிப் பூசைக்குப் போகவே பயமா இருக்கு. பாட்டு கேட்டாலே அழுகை வருது. பிறப்புப் பெருவிழாவுல அழுறது தப்பா?

தப்பே இல்லை, தாயி. ஸ்டாரும் பலகாரமும் நம் வழக்கங்கள், கட்டளைகள் அல்ல. கட்டாவிட்டாலும் ஆண்டவர் வருவார்.

ராத்திரிப் பூசையின் கூட்டமும் ஆரவாரமும் தாங்காது என்றால், விடியற்காலைத் திருப்பலி உங்கள் பங்கில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பெருவிழாவுக்குத் திருச்சபை வைத்திருக்கும் திருப்பலிகளில் அதுவும் ஒன்று. பெரும்பாலும் கூட்டம் குறைவு. இடையர்கள் வந்து போனதையும், மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்ததையும் அதில் வாசிப்பார்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். பாட வேண்டிய கட்டாயம் இல்லை.

கிறிஸ்து பிறப்பின் எட்டு நாள்களுக்குள்ளேயே திருச்சபை கண்ணீருக்கு இடம் வைத்திருக்கிறது. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் விழா. ஆறுதல் பெற மறுத்து அழும் இராகேலைப் பற்றி அன்று நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்த அழுகையை அடக்கு என்று மத்தேயு சொல்லவில்லை. டிசம்பர் 30 நற்செய்தியில் அன்னா வருகிறார். மணமாகி ஏழே ஆண்டுகளில் கணவரை இழந்தவர், முதிர்ந்த வயதில் கோவிலில் குழந்தை இயேசுவைக் கண்டு கடவுளைப் புகழ்ந்தவர். அந்த இரண்டு நாள்களையும் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையிடம் சொல்லி, ஒரு நாள் உங்கள் கணவரின் ஆன்மாவுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்.

செபிக்க வார்த்தை வராதபோது திருப்பாடல் 13ஐ எடுங்கள். எத்தனை காலம், எத்தனை காலம் என்று ஆண்டவரிடமே முறையிடும் சிறிய பாடல். உங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்களின் குழுவில், யாரையாவது திருப்பலிக்கு உடன் வரச் சொல்லுங்கள், தனியாகப் போக வேண்டாம். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: உங்கள் தெருவில் ஸ்டார் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி (கோவை): பாவசங்கீர்த்தனம் பண்ணிப் பல வருசம் ஆச்சு. முறையே மறந்துபோச்சு.

பாவ அறிக்கை செய்யப் போகும்போது அதையே குருவிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், மீதியை அவர் நடத்திக்கொடுப்பார். கடைசி வாரம் வரிசை நீளும், முன்கூட்டியே போங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): குடில எப்போ பிரிக்கணும்? 26ஆம் தேதியே பிரிச்சா தப்பா? அதுக்கு முன்னாடி நின்னு என்ன செபிக்கிறது?

26ஆம் தேதி பிரித்துவிடாதீர்கள்! கிறிஸ்து பிறப்புக் காலம் அன்றுதான் விரியத் தொடங்குகிறது. ஜனவரியில் வரும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவரை அது தொடரும். அதுவரை குடில் இருக்கட்டும். ஞானிகளைத் தள்ளி வைத்து, அவர்கள் குழந்தையைக் கண்டு வணங்கியதைக் கொண்டாடும் திருக்காட்சி விழாவுக்குள் நாளுக்குக் கொஞ்சமாக அருகில் நகர்த்துங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

1223இல் புனித பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோவில் முதன்முதலாக அமைத்த குடிலில் பொம்மைகள் இல்லை. வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை, அந்தத் தொட்டியின்மேல் திருப்பலி. குடிலையும் நற்கருணையையும் அவர் பிரிக்கவில்லை. ஆகவே குடில்முன் முழந்தாளிட்டு, "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்று மெதுவாகச் சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள். மூவேளைச் செபத்தில் பழகிய வரிதான். பெருவிழாத் திருப்பலியில் விசுவாச அறிக்கை சொல்லும்போது, அவர் மனிதர் ஆனதைச் சொல்லும் இடத்தில் எல்லாரும் முழந்தாளிடுவோம், கவனியுங்கள்.

26ஆம் தேதி புனித ஸ்தேவான் விழா. ஆலயம் வெறிச்சோடிக் கிடக்கும். முடிந்தவர்கள் அன்றைய திருப்பலிக்கு வாருங்கள்.