மெக்கின்டாஷ் மழைக்கோட்டு: 200 வருஷப் பாரம்பரியம் என்பது நிஜமா?

ரப்பர் வைத்த துணியில் தைக்கும் பிரிட்டிஷ் மழைக்கோட்டு மெக்கின்டாஷ். அதற்கு 200 வருஷப் பாரம்பரியம் என்பது கோட்டுக்கு நிஜம். கம்பெனிக்கு அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது.

கோட்டுக்குப் பெயர் கொடுத்த சார்லஸ் மெக்கின்டாஷுக்கும் தையலுக்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் சாயத்தொழில் செய்த குடும்பத்தில் வந்த வேதியியலாளர் அவர். பாறைப்பாசியிலிருந்து ஊதாச் சாயம் எடுக்க அமோனியா தேவை. அவருடைய அப்பா காலத்தில் அதற்காக ஊரெல்லாம் மனித மூத்திரத்தைச் சேகரித்தார்கள். விளக்கெரிக்க நிலக்கரி வாயு தயாரிக்கும் ஆலை ஊருக்கு வந்ததும், அங்கே கழிவாக ஒதுங்கிய தாரையும் அமோனியா நீரையும் 1819-இல் மகன் மொத்தமாகப் பேசி வாங்கிக்கொண்டார். தாரைக் காய்ச்சி வடித்தால் நாஃப்தா என்ற எளிதில் ஆவியாகும் எண்ணெய் கிடைக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் இந்தக் கோட்டு.

நாஃப்தாவில் ரப்பர் கரையும். அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டிவிட்டால் தண்ணீர் இறங்காது. 1823-இல் காப்புரிமை வாங்கினார். நிலக்கரித் தாரிலிருந்து வரும் கரைப்பானில் ரப்பர் கரையும் என்று 1818-லேயே கண்டுபிடித்து எழுதியவர் எடின்பரோவில் மருத்துவம் படித்த மாணவர் ஜேம்ஸ் சைம். அவர் காப்புரிமை கேட்கவில்லை. பிற்காலத்தில் பெரிய அறுவை மருத்துவராகிப் பெயர் வாங்கினார். (அப்போது ஆசியாவில் ரப்பர் தோட்டமே கிடையாது. பெரும்பாலும் தென்னமெரிக்கக் காட்டு ரப்பர்தான். இலங்கைக்கு ரப்பர் கன்றுகள் வந்தது 1876-இல்தான்.)

மான்செஸ்டரில் பர்லி என்ற பருத்தி ஆலைக் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து தொழிற்சாலை போட்டார்கள். ஆனால் முதல் இருபது வருஷம் அந்தக் கோட்டு சுமாரான சரக்குதான். குளிரில் பலகை மாதிரி விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும். நாற்றம் வேறு. தையற்காரர் ஊசி குத்திய ஓட்டை வழியாகவே மழை உள்ளே வரும்.

என் கணக்கில் இந்தக் கதையின் நாயகன் தாமஸ் ஹேன்காக். லண்டன்காரர். ரப்பர் துண்டுகளை அரைத்துப் பிசையும் இயந்திரத்தை 1820-இல் செய்து, அது என்னவென்று யாருக்கும் தெரியாதபடி அதற்கு 'ஊறுகாய்' என்று பெயர் வைத்து மறைத்தவர். பிறகு மெக்கின்டாஷோடு சேர்ந்துகொண்டார். அமெரிக்கர் சார்லஸ் குட்இயர் பதப்படுத்திய ரப்பர் மாதிரிகள் ஹேன்காக் கைக்கு வந்தபோது, அதில் கந்தகம் இருப்பதை ஊகித்து, தானே சோதனை செய்து, குட்இயரை முந்திக்கொண்டு 1843 நவம்பரில் பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது நியாயமா என்று இன்றும் சண்டை போடலாம். கந்தகம் சேர்த்துச் சூடாக்கிய ரப்பர் வெயிலுக்கு இளகாது, குளிருக்கு விறைக்காது. கோட்டு உருப்பட்டது அதனால்தான். மெக்கின்டாஷ் அதைப் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இறந்துவிட்டார்.

அடுத்த அடி போட்டியாளரிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் கடை வைத்திருந்த தாமஸ் பர்பரி 1879-இல் கேபர்டின் துணியைக் கொண்டுவந்தார். நூலுக்கே முதலில் நீர் ஒட்டாத பதம் கொடுத்து, பிறகு நெருக்கமாக நெய்த துணி அது. ரப்பரே வேண்டாம், காற்றும் புகும். புழுங்கும் ரப்பர் கோட்டுக்கு மவுசு குறையாமல் என்ன செய்யும்?

பழைய மெக்கின்டாஷ் நிறுவனம் 1925-இல் டன்லப் என்ற ரப்பர் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. இன்று அந்தப் பெயரில் கோட்டு செய்வது கிளாஸ்கோவுக்கு அருகே கம்பர்நால்டில் உள்ள தொழிற்சாலை. எர்மெஸ், லூயி வித்தோன் போன்ற ஆடம்பர ஆடை நிறுவனங்களுக்கும் தைத்துக் கொடுத்து மறுபடி பெயர் வாங்கியது. 2007 முதல் அதன் சொந்தக்காரர் யாகி சூஷோ என்ற ஜப்பானிய வணிக நிறுவனம்.

ஆக, முதலாளி வேறு, ஊர் வேறு. செய்முறையில் மட்டும் அந்த இரண்டு துணி, நடுவே ரப்பர் என்ற சங்கதி அப்படியே இருக்கிறது. துணி சேரும் மூட்டுகளில் பசையை விரலால் தடவி, உள்பக்கம் நாடா ஒட்டி, ஊசி ஓட்டையை அடைக்கிறார்கள். புழுக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை. வாங்குவதாக இருந்தால் அக்குள் பக்கம் பாருங்கள், காற்றுக்காகச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள்.